வாப்பா சூடு 61

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எடுத்ததல்ல, ஒட்டுக் கேட்டது. கல்முனையில் ஒரு தேநீர்க்கடை. பக்கத்து மேசையில் இரண்டு பேர். நற்பிட்டிமுனையில் ஒரு பெண், கந்தோர் வேலை விட்டு வந்து அஸர் தொழுததும், சுவரைப் பார்த்து நின்று ஒரு வெறும் ஸ்டேப்ளரை நீட்டிப் பிடித்து அழுத்துகிறாளாம். மேசையில் கிடக்கும் போன் ‘பீப்’ என்று கத்தும். இவள் அழுத்துவாள். எத்தனை வினாடி எடுத்தது என்று போன் காட்டும். இப்படி ஒரு நாளைக்கு நூறு தரம்.

சொன்னவர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை. “இந்தக் காலத்தில நமக்கு இதெல்லாம் என்னத்துக்கு?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அந்த ஸ்டேப்ளர் பிடித்துப்போனது. பத்தொன்பது வருடமாகக் காகிதத்தோடு பிழைக்கிறவன் நான். ஸ்டேப்ளரை இப்படியும் பிடிக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

(தேநீர்க்கடையை இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள். பிறகு பார்க்கலாம்.)

கதைக்காக அந்தச் செயலியை என் போனிலும் இறக்கினேன். துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் பயிற்சிக்கு வைத்திருப்பது. முன்பு இதற்கென்று தனிக் கருவி வாங்க வேண்டும், இப்போது போனே போதும். தொடங்கு என்று அழுத்தினால் பீப் உடனே வராது. இரண்டு வினாடியும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். எப்போது கத்தும் என்று நமக்குத் தெரியக்கூடாது, அதுதான் பயிற்சி. கத்தியதும் போன் காதைத் திறந்துகொள்கிறது. முதல் வெடி எத்தனையாவது வினாடியில், அடுத்ததற்கு இடைவெளி எவ்வளவு, மொத்தம் எத்தனை என்று வரிசையாகப் பதிகிறது.

ஆனால் அதற்குத் துப்பாக்கி என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்ததெல்லாம் சத்தம். நான் வைத்துப் பார்த்த அன்று, காற்றுக்கு அறைக்கதவு அடித்தது முதல் வெடி. என் மனைவி நஸ்லியா குசினியில் அகப்பையைப் போட்டது இரண்டாவது வெடி. “என்னத்தப் போட்டு உடைக்கிறீங்க?” என்று நான் கேட்டது மூன்றாவது.

காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். காற்றுப் பிஸ்டலின் சத்தம் மெலிது என்பதால் அதை வைத்துப் பழகுகிறவர்கள் உச்சத்துக்குக் கூட்டிவிடுகிறார்கள். உச்சத்தில் வைத்த காதுக்கு ஸ்டேப்ளரும் வெடி, தும்மலும் வெடி. தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் கரையோரத்தைப் பார்த்து நாடு தன் காதை எந்த அளவில் வைத்திருந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கதை கட்டுரையாகிவிடும்.

2

தொடக்கங்கள்.

அ) மர்ஷூதாவுக்கு வயது இருபத்தைந்து, அவள் வைத்த குறி தப்பியதே—

விட்டுவிட்டேன். குறி தப்பாதவள் என்று தொடங்கினால் அவள் கடைசியில் யாரையாவது சுட்டாக வேண்டும். இவள் யாரையும் சுடவில்லை.

ஆ) கடலில் இருந்து வந்த உப்புக் காற்று—

இதையும் விட்டேன். எங்கள் பக்கத்துக் கதைகளில் முதல் பந்தியிலேயே உப்புக் காற்று வந்துவிடுகிறது. எனக்கே சலித்துவிட்டது.

இ) ‘ஆர் யூ ரெடி?’ என்று கைப்பை கேட்டது.

இது நிற்கட்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை, பௌர்ணமிப் போயா லீவு. மர்ஷூதா கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அரச கந்தோர் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர் அவள். லீவு நாட்களில் பஸ் ஏறி, துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் காற்றுப் பிஸ்டல் பழகுகிறாள். பிஸ்டல் கிளப்புடையது. பயிற்சி முடிந்ததும் அவர்களே பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால்தான் வீட்டில் ஸ்டேப்ளர். தேசியக் குழுவுக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டிக்கு இன்னும் மூன்று கிழமைகூட இல்லை. பஸ்ஸில் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டு வந்தவள், வழியில் பொலிஸ் சோதனைச் சாவடியில் இறங்கச் சொன்னதும் போனைப் பூட்டாமல் அப்படியே பைக்குள் போட்டுவிட்டாள்.

பையை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் உள்ளே என்னவோ அமுங்கியது. ஓர் ஆண் குரல் இங்கிலீசில், “ஆர் யூ ரெடி?” என்றது. பிறகு, “ஸ்டான்ட் பை.”

எல்லோரும் பையைப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் கையை எடுத்துக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மர்ஷூதாவுக்கு அது என்னவென்று தெரியும். வாய் திறந்து சொன்னால் போதும். ஆனால் பீப் கத்துவதற்கு முன் வாயையும் உடம்பையும் அசைக்காமல் வைத்திருக்கத்தான் இரண்டு வருடமாகப் பழகியிருக்கிறாள். அவள் சும்மா நின்றாள்.

பீப்.

கான்ஸ்டபிள் பின்வாங்கியதில் அவர் உட்காரும் கதிரை விழுந்தது.

போனை வெளியே எடுத்தபோது திரையில் ஒரு வரி இருந்தது: வெடி 1, நேரம் 0.94.

“அது கதிர விழுந்த சத்தம் சேர்” என்றாள் மர்ஷூதா.

அவர் அதைக் கேட்கவில்லை. பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனார். ‘ஸ்டேப்ளர் 10’, ‘ஸ்டேப்ளர் 20’, ‘இடது கை’. கடைசியில் ஒரு சனிக்கிழமைத் திகதி. அவருக்குக் கொஞ்சம் தமிழ் எழுத்துத் தெரியும். விரலை வைத்து எழுத்துக்கூட்டினார்.

“வாப்பா… சூடு. அறுபத்தொண்டு.”

3

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒரு சொல்லைச் சொல்லித்தர வேண்டும். உள்ளூர்க்காரர் இதைத் தாண்டிப் போகலாம். தாண்டினால் அடுத்த பக்கத்தில் என்னை மன்னிக்க மாட்டீர்கள், அது வேறு விஷயம்.

சூடு என்றால் செய்தி வாசிப்பவருக்குத் துப்பாக்கி. எங்கள் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், சூடு என்றால் அறுத்த நெல் வெள்ளாமையைக் கட்டி அடுக்கிய குவியல். அடுக்குவது சூடு வைத்தல். நெல்லைப் பிரிப்பது சூடு அடித்தல். இப்போது எல்லாவற்றையும் மிஷின் ஒரே ஓட்டத்தில் செய்துவிடுகிறது. ஆனாலும் மிஷின் புதையும் பள்ளக்காணி எல்லாருக்கும் ஒரு துண்டு இருக்கத்தான் செய்கிறது. அங்கே கையால் அறுத்து, சூடு வைத்து, இரும்புப் பறல் எனும் பீப்பாயைக் குறுக்கே கிடத்தி அதில் நெற்கதிரை ஓங்கி அடிக்க வேண்டும்.

மர்ஷூதாவின் வாப்பா பக்கீருக்கு அப்படி அரை ஏக்கர் இருந்தது. மகளுக்கு அவர் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார்: “மகள், சனிக்கிழம சூடு அடிக்கிற. ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டன். நீ கிளப்புக்குப் போகாம நேரத்தோட வந்திடு.” இவள், “ஓம் வாப்பா, வாறன்” என்று பதில் போட்டிருந்தாள்.

வந்தாள். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பறலையும் வாப்பாவின் தோளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், போனை எடுத்து வரம்பில் வைத்தாள்.

“வாப்பா, பீப் எண்டு கத்தும். கத்தினாப் பிறகு அடிங்க.”

“அதென்ன, எனக்கு மணி அடிச்சாத்தான் வேலையா?”

“அடிங்களன். எத்தின செக்கனுக்கு ஒரு அடி எண்டு பாப்பம்.”

பக்கீர் அடித்தார். நின்றவர்கள் எண்ணினார்கள். ஐம்பதைத் தாண்டியதும் அவர் வீம்புக்கு அடித்தார். அறுபத்தொன்றில் நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, “காட்டு பாப்பம்” என்றார்.

“இடைவெளி ஒண்டு தசம் ரெண்டு. ஒரே மாதிரி அடிச்சிருக்கீங்க வாப்பா. கிளப்பில ஒருத்தருக்கும் இப்பிடி வராது.”

“நான் வந்தா உங்கட கிளப்பில என்னச் சேர்ப்பாங்களா?”

அவள் சிரித்துக்கொண்டே பதிவுக்குப் பெயர் போட்டாள். வினையாகப் போகிற பெயர் என்று தெரியாமல் போட்டாள்.

[‘வினையாகப் போகிற’ என்பது பொருந்தவில்லை. வெட்ட வேண்டும். அப்பனும் மகளும் சந்தோஷமாக நின்ற இடத்தில் என்னால் ஒரு வசனம் ஒழுங்காக எழுத முடியவில்லை. காரணம் வருகிறது.]

4

இனிக் கதைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. போனில் இருப்பது தமிழ், பொலிஸின் வழக்குக் கோவைக்குப் போக வேண்டியது சிங்களம். நடுவில் ஓர் ஆள், ஒரு சத்தியப்பிரமாணம், ஒரு சீல்.

முதல் வரைவில் அந்த ஆளுக்குக் கோகுலன் என்று பெயர் வைத்தேன். திருக்கோவில்காரர். நல்ல மனிதர், ஆனால் வயல் தெரியாதவர். சூடு என்ற சொல்லைக் கண்டதும் வெடி என்று எழுதிவிடுகிறார். சிங்களத்திலும் வெடி என்றால் வெடிதான், அவருக்கு வேலை சுகம். அறியாமல் செய்த பிழை. பாவம்.

என் கதைகளை முதலில் வாசிப்பது நஸ்லியா. வாசித்துவிட்டுக் கேட்டாள்: “திருக்கோவில்ல வயல் இல்லையா?”

“இரிக்கி.”

“அப்ப அந்த மனிசனுக்கு ஏன் சூடு தெரியா?”

கோகுலனைக் கொழும்புக்கு அனுப்பினேன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், நெல்லைக் கடையில் அரிசியாக மட்டும் கண்டவர். மறுபடி வாசித்தாள்.

“கொழும்பில இருந்து ஆள் அவ்வளவு கெதியா வந்திட்டாரா? செவ்வாய்க்கிழம பிடிச்சி, புதன்கிழம எழுதி முடிஞ்ச எண்டு போட்டிருக்கீங்க.”

“இது கதைதானே.”

அவள் தாள்களை அடுக்கி மேசையில் வைத்தாள். “கததான்” என்றாள். “இதில நீங்க எங்க இரிக்கீங்க?”

5

தேநீர்க்கடை பொய்.

தேநீர் மட்டும் உண்மை. பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கொடுத்தார்கள். (எந்த நிலையம் என்று எழுதி வெட்டிவிட்டேன். இந்தக் கதையில் பிழை செய்தவன் நான், நிலையத்தின் பெயரைப் போட்டு அதற்குப் பின்னால் ஒளிய மாட்டேன்.) புதன்கிழமை பகல் பதினொரு மணி. நான் மருதமுனைக்காரன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்பு அத்தாட்சி, காணி உறுதி, வழக்குத் தாள் என்று பத்தொன்பது வருடம். ஞாயிறுப் பத்திரிகைக்கு இடைக்கிடை கதை எழுதுகிறவன். ஸ்டேப்ளர் விஷயத்தை எனக்குச் சொன்னவர் சார்ஜன்ட். கேட்டுச் சிரிக்காதவன் நான். “இந்தக் காலத்தில நமக்கு இதெல்லாம் என்னத்துக்கு” என்று சொன்னதும் நான்தான்.

“இருபது நிமிஷம் போதுமா மாத்தயா?” என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். மரியாதையான மனிதர். எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் செயலியை ஓடவிட்டுக் காட்டினார். ‘ஆர் யூ ரெடி’ என்ற குரலைக் கேட்டேன். பிறகு பதிவின் பெயர். பிறகு வாப்பாவின் குரல்: சனிக்கிழம சூடு அடிக்கிற, ஆக்களுக்கெல்லாம் சொல்லிட்டன்.

எனக்குச் சூடு தெரியாதா? நான் தறிச் சத்தத்தில் பிறந்தவன், வயலில் இறங்காதவன் என்று இங்கே ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன். அதையும் வெட்டிவிட்டேன். நஸ்லியாவின் வாப்பாவுக்கு வயல் இருந்தது. கலியாணம் முடித்த வருடம் நானே அந்தச் சூட்டின் மேல் ஏறி நின்று படம் எடுத்திருக்கிறேன்.

தெரியும். பதிவின் பெயரைக் கண்ட அரை வினாடியில் தெரிந்தது. வாப்பாவின் குரலில் ‘சூடு அடிக்கிற’ என்று கேட்டபோது சந்தேகமே இருக்கவில்லை. அடுத்த அரை வினாடியில் வேறொன்று வந்தது. நான் இதை நெல் என்று எழுதுகிறேன், சார்ஜன்ட் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். துப்பாக்கிச் செயலியில் அறுபத்தொரு வெடி, பக்கத்தில் இவன் நெல் என்கிறான். தன் ஆளைக் காப்பாற்றுகிறான். இவனுடைய போனையும் எடு. பத்தொன்பது வருடமாக இவன் எழுதிக் கொடுத்ததையெல்லாம் எடு.

அவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். இன்றைக்கு யோசித்தால் அந்த மனிதர், “அப்படியா? அப்போது இது வயல் வேலையா?” என்று கேட்டுச் சிரித்திருப்பார் என்றே படுகிறது. ஆனால் நான் பயந்தேன். என் காதும் உச்சத்தில் இருந்தது. அவர் பேனையை மேசையில் வைத்த சத்தம்கூட எனக்கு வெடியாகக் கேட்டது.

வெடி என்று எழுதினேன்.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு வசதி உண்டு. இரண்டு அர்த்தம் வரும் சொல்லானால், அடைப்புக்குறி போட்டு மற்ற அர்த்தத்தையும் எழுதலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், அது முறை. இந்தக் கதையில் எத்தனை அடைப்புக்குறி போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு ஒன்று போட்டிருந்தால் போதும்.

6

இத்தோடு முடிந்திருந்தால் அதைப் பிழை என்றாவது சொல்லலாம்.

பின்னேரம் பக்கீரைக் கூட்டி வந்தார்கள். மகளைத் தேடி வந்தவரை அப்படியே உள்ளே இருத்திவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். சேர்ட் பொத்தானை மேல் வரை பூட்டியிருந்தார். சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை துப்பாக்கிச் சூடு நடந்ததா என்பதுதான் கேள்வி. நான் கேட்டது: “சனிக்கிழம சூடு நடந்ததா?”

துப்பாக்கி என்ற சொல்லை விட்டது ஏன்? (விட்டால் அவர் ஓம் என்பார். ஓம் என்றால் நான் காலையில் எழுதியது சரியாகிவிடும். நான் அவ்வளவு கெட்டவன் என்று இதை எழுதும்வரை எனக்குத் தெரியாது.)

அவர் முகம் தெளிந்தது. இதைத்தானா கேட்கிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். “ஓம் சேர், நடந்த. ஆறேழு ஆக்கள் வந்தாங்க. பின்னேரம் வரைக்கும் அடிச்சம்.”

மொழிபெயர்த்தேன். சார்ஜன்ட் எழுதினார்.

“அறுபத்தொன்றா?”

“மகள் எண்ணின அறுபத்தொண்டு. மொத்தமாப் பார்த்தா அதுக்கும் மேல சேர்.”

மொழிபெயர்த்தேன்.

பிறகு பக்கீர் என் பக்கம் திரும்பினார். என் தொப்பியைப் பார்த்து, நம்ம ஆள் என்று கண்டுகொண்டார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வதைப் போலச் சொன்னார்: “தம்பி, சேரிட்டச் சொல்லுங்க. பள்ளக்காணிதான், ஆனா இந்த முற நல்ல வெள்ளாம.”

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். “கடைசியாக என்ன சொன்னார்?”

அந்த இடைவெளி எத்தனை வினாடி என்று எனக்குத் தெரியாது. வெள்ளாமை என்ற ஒரு சொல்லைச் சிங்களத்தில் சொன்னால் எல்லாம் அவிழ்ந்துவிடும். காலையில் எழுதியதும் அவிழ்ந்துவிடும். பக்கீர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சேதியைச் சொல்லப்போகிறேன் என்ற முகம் அவருக்கு.

“ஒன்றுமில்லை,” என்றேன். “சும்மா கதைக்கிறார்.”

அடுத்த அறையில் மர்ஷூதாவை வேறொருவர் விசாரித்தார். அவளுக்கு உடைந்த சிங்களம் தெரியும். நெல், வயல், பறல் என்று தனக்கு வந்த சொல்லையெல்லாம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். மரப்பலகைச் சுவர், எனக்குக் கேட்டது. விசாரித்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எழுதித் தந்தவர் உங்கள் ஆள் தானே. முஸ்லிம். இந்த ஊர்ப்பக்கத்து மனிதர். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? அவர் பொய் சொல்கிறாரா?”



“பொய் சொல்லமாட்டார் சேர்” என்றாள். “அவருக்கு மறந்திருக்கும்.”

7

வியாழக்கிழமை இருவரையும் விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள், அவரை ஓர் இடத்தில், அவளை இன்னோர் இடத்தில். பள்ளக்காணியைக் கிண்டித் துப்பாக்கி தேடினார்கள், உடைந்த மண்வெட்டிப் பிடி ஒன்று கிடைத்தது. கிளப்காரர் கடிதம் கொடுத்தார், அது கிளப் பிஸ்டலுக்குத்தான் பதில், வயலில் நடந்த அறுபத்தொன்றுக்கு அல்ல. நீதிமன்றத்தில் அடுத்த தவணை நாளை மறுநாள், திங்கட்கிழமை காலை ஒன்பதரை. நான் இதை எழுதுவது அந்த வியாழனுக்கு அடுத்த கிழமை, சனிக்கிழமை பகல்.

முடிவுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. திங்கட்கிழமை நான் எழுந்து, என் மொழிபெயர்ப்புப் பிழை என்கிறேன். அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். என் சீல் போகிறது. நான் சீல் வைத்த உறுதிகள் எல்லாம் சந்தேகத்துக்கு வருகின்றன. தெரிந்தே செய்தாயா என்று கேட்பார்கள். ஓம் என்றால் அடுத்த தவணை எனக்கு. இந்த முடிவில் என் குணம் திடீரென்று உயர்ந்துவிடுகிறது. ஆறாம் பகுதியை எழுதியவனுக்கு அது பொருந்துமா என்று வாசகர் கேட்பார், நியாயம்.

முடிவு இரண்டு. நீதவான் வயல் பக்கத்துக்காரர். தாளைப் பார்த்ததும் பிடித்துவிடுகிறார். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. எழுதும்போது நன்றாக இருந்தது. நஸ்லியா வாசித்துவிட்டுக் கறி பார்க்கப் போனாள்.

முடிவு மூன்று. எனக்குக் காய்ச்சல். என் இடத்துக்குக் கோகுலன் வருகிறார், திருக்கோவில்காரர், வயல் தெரிந்தவர். அவர் சரியாகச் சொல்கிறார்—

இதை எழுதிக்கொண்டிருந்தபோது யாரோ வாசலில் ஸலாம் சொன்னார்கள்.

8

கறுப்பு அபாயா, கையில் பிளாஸ்டிக் கோவை. ஐம்பது தாண்டிய பெண்.

“நான் ஸுலைஹா,” என்றார். “நற்பிட்டிமுன. பக்கீர்ட பொஞ்சாதி.”

 இருக்கச் சொன்னேன். நஸ்லியா கதவடியில் வந்து நின்றாள்.

“தம்பி, நீங்க சிங்களத்தில நல்லா எழுதுவீங்களாம். கோட்டுக்கு ஒரு கடிதம் எழுதணும். சூடு எண்டா என்ன எண்டு வடிவா விளங்கப்படுத்தி.”

“லோயர் இல்லையா ராத்தா?”

“இரிக்கார். அவர் சொல்றார், எழுதின ஆளே வந்து பிழ எண்டு சொன்னாத் திங்கக்கிழமையே விட்டுருவாங்களாம். இல்லாட்டி வேற ஆளுக்கு அனுப்பி எடுக்கணுமாம், ரெண்டு மூணு மாசம் போகுமாம். மகள்ட போட்டி வாற கிழம. போட்டி போனாப் போகட்டும். அந்த மனிசன் அங்க சாப்பிடுறார் இல்ல.”

அவர் அழவில்லை. கோவையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் மேசையில், இந்தக் கதையின் தாள்களுக்கு மேல் வைத்தார். என் மொழிபெயர்ப்பு. பிரதி எடுத்தும் எடுத்தும் மங்கியிருந்தது.

“இத வாசிச்சிக் காட்டுங்க தம்பி. தமிழ்ல.”

நான் சிங்களத்தில் எழுதியதை நானே தமிழுக்குத் திருப்ப வேண்டும். “தந்தையின் வெடி, அறுபத்தொன்று” என்று வாசித்தேன். “சனிக்கிழமை வெடி வைக்கிறோம், ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது.” என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“சூடு எண்டு அவர் சொன்னதுக்கு வெடி எண்டு போட்டிரிக்கி” என்றேன்.

“அது தெரியும். மிச்சத்த வாசிங்க.”

“அவ்வளவுதான் ராத்தா.”

“இல்ல, கீழ இன்னும் இரிக்கி. அடி வரைக்கும் வாசிங்க. எழுதின ஆள்ட பேர் இரிக்குமே.”

எங்கள் சீல் மூன்று மொழியிலும் இருக்கும். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீசு. பிரதியில் மற்ற இரண்டும் அழிந்துபோயிருந்தன. அவருடைய விரல் நடு வரிக்குக் கீழே இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்கள் வைக்கிற மாதிரி, முதல் எழுத்துக்கு நேர் கீழே.

அந்த வரியை அவர் வீட்டிலேயே வாசித்துவிட்டார். எங்கே யாரிடம் வருகிறோம் என்று தெரிந்துதான் வந்திருக்கிறார். ஏசுவதற்கு வரவில்லை. நானே வாய் திறந்து சொல்ல ஓர் இடம் தர வந்திருக்கிறார்.

நஸ்லியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.  கதைக்காகத் திறந்து வைத்த செயலி என் போனில் இன்னும் இருந்தது. தாளை நகர்த்தும்போது கை பட்டிருக்க வேண்டும்.

“ஆர் யூ ரெடி?” என்று கேட்டது போன்.

ஸுலைஹா திடுக்கிடவில்லை. அந்தக் குரலை அவர் வீட்டில் தினமும் பின்னேரம் கேட்டவர். விரலை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“ஸ்டான்ட் பை.”

9

இங்கே நிறுத்துகிறேன். பீப் கத்தியதா, அதற்குப் பிறகு எழுந்த முதல் சத்தம் என்னுடையதா, கதவினுடையதா என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பக்கீர் சொன்ன ஒரு வசனத்தையே விழுங்கியவன் நான். இந்த முடிவை நான் எழுதினால் எதை வைத்து நீங்கள் நம்புவீர்கள்?

ஆனால் நடந்ததை அறிய உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நான் இதுவரை என் பெயரைச் சொல்லவில்லை. இந்தக் கதையைத் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன். நான் எழுந்து நின்று சொல்லியிருந்தால், எல்லாக் கதைகளையும் போல இதிலும் தலைப்புக்குக் கீழே எழுதியவன் பெயர் இருக்கும். சீலில் உள்ள அதே பெயர். சொல்லாவிட்டால் அதைப் போட எனக்குக் கை வராது.

நீங்கள் வாசிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை கடந்திருக்கும். மேலே போய்ப் பாருங்கள்.